மூர்ட்டனில் இருந்து ஓடி வந்தவனும் எங்கள் இரத்தக் குழாய்களும்



கடந்த மாதம் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசியபோது, "கொஞ்சம் மூச்சு வாங்கும்படி நடவுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வசனம் சொல்லியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்தபின் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வசனத்தைப் பற்றியவைதான். ஒரு அண்ணை கேட்டார்: "நான் ரெஸ்ரோரண்ட் குசினியிலை ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் நிண்டு வேலை செய்யிறன். அதுக்கு மேலை எனக்கு என்ன எக்சர்சைஸ்?" ஒரு அக்கா கேட்டார்: "மெல்ல நடந்தாக் காணாதோ? வேர்க்க விறுவிறுக்க நடந்தா ரோட்டிலை பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" ஒரு தம்பியின் கேள்வி வேறு மாதிரி: "நடக்கிறதெல்லாம் சும்மா, உயிர் போற மாதிரி ஓடினாத்தான் பலன் எண்டு ஜிம்மிலை சொல்லுறாங்கள். உண்மையோ?"

மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான். இரத்தக் குழாய்கள் நலமாக இருக்க உடம்பை எவ்வளவு கடுமையாக வருத்த வேண்டும்? நான் வைத்தியன் அல்லன். சரித்திரம் வாசிக்கிறவன். இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பதால் அதை இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். அதைத் தொடங்குவதற்கு நாங்கள் வாழும் ஃப்ரிபூர்க்கைவிட நல்ல இடம் கிடைக்காது.

1476ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் திகதி, இங்கிருந்து பதினேழு கிலோமீற்றர் அளவில் இருக்கும் மூர்ட்டனில், சுவிஸ் கூட்டுப்படை பூர்கண்டிக் கோமகன் சார்ல்ஸின் படையைத் தோற்கடித்தது. வெற்றிச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் கையில் லிண்டன் மரக் கிளையோடு ஃப்ரிபூர்க்குக்கு ஓடி வந்தானாம். நகரச் சதுக்கத்தில் "வெற்றி" என்று சொன்னதும் விழுந்து இறந்தானாம். அவன் கொண்டுவந்த கிளையை நட்டதுதான் நகரசபை முன்றலில் நின்ற பழைய லிண்டன் மரம் என்று சொல்வார்கள். இது கதைதான். மரதன் ஓட்டக்காரனின் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். அந்தக் காலத்துக்கு மிக அருகில் இருந்து எழுதிய ஹெரடோட்டஸ், ஏதென்ஸில் இருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடிய ஒருவனைச் சொல்கிறாரே தவிர, ஓடி வந்து விழுந்து செத்தவனைச் சொல்லவில்லை. ஆனாலும் சனங்களுக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. அளவுக்கு மிஞ்சி ஓடினால் இருதயம் வெடித்துவிடும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயம் இன்றைக்கும் எங்கள் வீடுகளில் இருக்கிறது.

1933இல் பேடா ஹெஃப்டி என்ற ஃப்ரிபூர்க் பொறியியலாளர் அந்த வீரனின் நினைவாக மூர்ட்டன் - ஃப்ரிபூர்க் ஓட்டத்தைத் தொடக்கினார். லா மொத்தா நீச்சல் தடாகத்தை வடிவமைத்தவரும் இவர்தான். முதல் வருடம் ஓடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். 1980களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓடினார்கள். ஒவ்வொரு ஒக்ரோபர் தொடக்கத்திலும் வீதிகள் மூடப்பட்டு, பஸ் வராமல் நாங்கள் முணுமுணுப்பது இந்த ஓட்டத்துக்காகத்தான். தூரம் 17.17 கிலோமீற்றர். கடைசிப் பகுதியில் லா சொனாஸ் ஏற்றம் வரும். அங்கே நின்று பார்த்தால் ஓடுகிறவர்களின் முகத்திலேயே இன்றைய தலைப்பு தெரியும். சிலர் பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டே ஏறுவார்கள். சிலருக்குக் கண் செருகிவிடும்.

அந்த அக்காவுக்காக ஒரு விசயத்தை இங்கே சொல்ல வேண்டும். இந்த ஓட்டத்தில் நீண்ட காலம் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. கடும் ஓட்டம் பெண் உடம்புக்கு ஆகாது என்று அந்தக் காலத்து வைத்தியர்களில் பலரும் விளையாட்டு அதிகாரிகளும் நம்பினார்கள். 1973இல் மறைக்கே மோசர் என்ற ஓட்ட வீராங்கனை ஒரு ஆணின் பெயரில் பதிந்துவிட்டு ஓடினார். முடிவுக் கோட்டை அண்மித்தபோது அவரைப் பாதையில் இருந்து தள்ளி வெளியேற்றினார்கள். பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1977இல்தான். சனம் என்ன நினைக்கும் என்ற பயம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கடும் பயிற்சி ஆளைக் கொல்லும் என்ற பயத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ஜோன் எட்வேர்ட் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர். ஒக்ஸ்போர்ட் - கேம்பிரிட்ஜ் படகோட்டப் போட்டியில் கலந்துகொள்ளும் இளைஞர்கள் நடுவயதைக் காணாமல் போய்விடுவார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் வாதம் நடந்தது. மோர்கன் 1829 முதல் 1869 வரை படகு வலித்த 294 பேரின் விபரங்களைக் கடிதம் எழுதித் தேடிச் சேர்த்து, 1873இல் புத்தகமாக வெளியிட்டார். அவர்கள் மற்றவர்களைவிடக் குறைய அல்ல, சற்றுக் கூடவே வாழ்ந்திருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் கூட வாழ்வார்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காத ஆய்வு 1953இல் லண்டனில் இருந்து வந்தது. ஜெரமி மொரிஸ் என்ற வைத்தியர் இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். சாரதியும் நடத்துநரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்பவர்கள். ஒரே வர்க்கம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே புகை, ஒரே தேநீர். வித்தியாசம் ஒன்றுதான். சாரதி நாள் முழுவதும் இருக்கையில். நடத்துநரோ மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்குமாக ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். 35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண்களைப் பார்த்ததில், நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. வந்தவர்களும் அதனால் உடனே இறப்பது குறைவாக இருந்தது.

மொரிஸ் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு அவரில் பிடித்தது. வேலையில் சேரும்போதே சாரதிகள் கொழுத்தவர்களாக இருந்திருந்தால் கணக்குப் பிழைக்குமே என்று, அவர்களுக்கு வழங்கிய சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்தார். சாரதிகளின் இடுப்பு உண்மையில் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் மெலிந்தவர்களை மெலிந்தவர்களோடும் பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டபோதும் நடத்துநர்களே தப்பினார்கள். பிறகு அவர் அரசாங்க எழுதுவினைஞர் பக்கம் திரும்பினார். 1973இல் வெளிவந்த ஆய்வில் சுமார் 17,000 அலுவலர்கள். அதில்தான் கடுமை என்ற விசயம் முதன்முறையாகத் தெளிவாக மேலே வந்தது. மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்தவர்களுக்கே பாதுகாப்பு இருந்தது, மெல்ல உலாவியவர்களிடம் அது தெரியவில்லை. மொரிஸ் தானும் நடந்தும் நீந்தியும் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

பஸ் நடத்துநரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்துத் துலா நினைவுக்கு வரும். தண்ணீர் இறைக்கும் மெசின் வருவதற்கு முன், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் கட்ட ஒருவர் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் உயரத்தில் துலாவின் மேல் முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார். சில எட்டு ஏற்றம், பிறகு இறக்கம், திரும்ப ஏற்றம். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்வரை அது நடக்கும். இன்று ஜிம்மில் காசு கட்டிச் செய்யும் "இடைவெளிப் பயிற்சி" என்பதன் அமைப்பும் கடுமையும் தளர்வும் மாறிமாறி வருவதுதான். எங்கள் பாட்டன்மாருக்கு வருத்தமே வரவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் மலேரியாவிலும் வாந்திபேதியிலும் செத்தார்கள். ஆனால் அவர்களின் நாளாந்த வேலையில் மூச்சு வாங்கும் கட்டம் ஒன்று தானாகவே இருந்தது. சுவிசுக்கு 1980களில் வந்த எங்கள் தலைமுறைக்கு வேலை இருந்தது, களைப்பு இருந்தது, அந்தக் கட்டம் மட்டும் இல்லாமல் போனது.

இனி இரத்தக் குழாய்க்கு உள்ளே போவோம்.

கிளாரன்ஸ் டிமார் என்ற அமெரிக்கர் பொஸ்டன் மரதனை ஏழு தடவை வென்றவர். அவர் 1958இல் புற்றுநோயால் இறந்தபோது உடலைத் திறந்து பார்த்தார்கள். 1961இல் அந்த அறிக்கை வெளிவந்தது. அவருடைய இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் சாதாரண ஆட்களுடையதைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருந்தன. கொழுப்புப் படிவு அவரிலும் கொஞ்சம் இருந்தது. ஆனால் பாதை அவ்வளவு அகலமானபடியால் அது அடைக்கவில்லை.

அகலம் ஏன் அவ்வளவு முக்கியம்? பாரிஸில் புவசேய் என்ற வைத்தியர் 1840 வாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். குழாயின் ஆரை ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே அதே அமுக்கத்தில் ஓடும் அளவு இரண்டு மடங்காகிவிடும். மறுபக்கமாகப் பார்த்தால், கொஞ்சம் சுருங்கினாலே பாதி போய்விடும். ஆகவே எங்கள் இரத்தக் குழாய் விரிவதும் சுருங்குவதும் மயிரிழை விசயம் அல்ல.

விரியச் சொல்லி உத்தரவு போடுவது யார் என்பது 1980 வரைக்கும் தெரியாது. நியூயோர்க்கில் றொபேர்ட் ஃபேர்ச்கொட் முயலின் நாடித் துண்டுகளில் மருந்து சோதித்துக்கொண்டிருந்தார். ஒரே மருந்துக்குச் சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. பார்த்தால், துண்டை வெட்டும்போது உட்பக்கம் உரசுப்பட்டவை சுருங்கின, உரசுப்படாதவை தளர்ந்தன. அதாவது குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும், ஒரு கலம் மட்டும் தடிப்பான அந்த உட்படலம்தான் விரியச் சொல்லிக் கட்டளை அனுப்புகிறது. அது அனுப்பும் பொருள் நைத்திரிக் ஒட்சைட் என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. இதற்காக 1998இல் ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர் நாக்குக்குக் கீழே வைக்கும் நைத்திரோகிளிசரின் மருந்து உடம்புக்குள் இதே வாயுவாகத்தான் மாறுகிறது. அதே பொருளைக் கொண்டு டைனமைட் செய்து பணக்காரரான அல்பிரெட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் வைத்தியர்கள் அதை மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள்.

உட்படலம் எப்போது இந்த வாயுவைச் சுரக்கிறது? இரத்தம் அதன்மேல் உரசிக்கொண்டு வேகமாக ஓடும்போது. வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது கரையை இழுப்பது போன்ற அந்த உராய்வுதான் கட்டளை. இரத்தக் குழாய்க்குக் களைப்புத் தெரியாது, ஓட்டம்தான் தெரியும். குசினி அண்ணைக்கு நான் சொல்ல வந்த முதல் பதில் இதுதான். பத்து மணித்தியாலம் நின்றால் கால் வீங்கும், இடுப்பு நோகும், ஆள் களைத்துப்போவார். ஆனால் இரத்த ஓட்டம் பெரிதாகக் கூடுவதில்லை. நின்ற நிலையில் பாரம் தூக்குவதால் குருதி அமுக்கம் மட்டும் கூடும். 2021இல் கொப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இருதய வருத்தங்கள் குறைந்தன. வேலையில் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கோ கூடின. மொரிஸின் நடத்துநர்களுக்கு இது முரணாகத் தெரியலாம். நடத்துநர் படி ஏறினார், பிறகு நின்றார், பிறகு ஏறினார். குசினியில் அந்த ஏற்றமும் தளர்வும் கிடையாது. என் அபிப்பிராயம் அது. ஆய்வாளர்கள் மத்தியில் இதைப்பற்றி இன்னும் வாதம் உண்டு.

உட்படலத்தின் நலத்தை உயிரோடு இருப்பவரில் அளக்க 1992இல் லண்டனில் செலர்மேயரும் கூட்டாளிகளும் ஒரு வழியைப் பிரபலமாக்கினார்கள். பிரஷர் பார்க்கும் பட்டியால் முன்கையை ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டு, திடீரென்று தளர்த்துவார்கள். அடைபட்ட இரத்தம் பாய்ந்து வரும்போது கை நாடி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். நல்ல உட்படலம் என்றால் நன்றாக விரியும். இந்தச் சோதனை வந்தபிறகு, எந்தப் பயிற்சி கூடப் பலன் தருகிறது என்று கேட்பதற்கு இருபது வருடம் காத்திருக்கத் தேவையில்லை, மூன்று மாதத்தில் பார்த்துவிடலாம் என்றாகிவிட்டது. சண்டையும் தொடங்கிவிட்டது.

2000ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக்கில் ஹம்பிறெக்ற் என்பவரின் குழு, இருதய நாடி அடைப்பு உள்ளவர்களை வைத்தியசாலையில் வைத்து நாளுக்கு ஆறு தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், சைக்கிள் மிதிக்க வைத்தது. உச்ச நாடித்துடிப்பின் 80 வீதம் அளவுக்கு. நாலு வாரத்தில் அவர்களின் இருதய நாடிகள் முன்பைவிடத் திருத்தமாக நடந்துகொண்டன. மருந்து கொடுத்தால் பிழையாகச் சுருங்கும் பழக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. அடைப்பு அப்படியே இருந்தது, குழாயின் நடத்தைதான் மாறியது.

2003இல் ஹிரோசிமாவில் இருந்து வந்த ஆய்வு, கடுமைக்கு எதிராக நின்றது. ஆரோக்கியமான 26 இளைஞர்களை மூன்றாகப் பிரித்து, உடலின் உச்ச ஒட்சிசன் கொள்ளளவில் 25, 50, 75 வீதம் என்ற மூன்று கடுமையில் பன்னிரண்டு வாரம் சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். நடுத்தரமாக மிதித்தவர்களுக்கே இரத்தக் குழாய் திருந்தியது. மெல்ல மிதித்தவர்களுக்கு மாற்றமில்லை. கடுமையாக மிதித்தவர்களுக்கும் மாற்றமில்லை, மேலாக உடம்பில் ஒட்சியேற்றத் தாக்கத்தின் அடையாளங்கள் கூடியிருந்தன. நடுவழிதான் சரி என்று எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள்.

நாலு வருடம் போகவில்லை. 2007இல் நோர்வேயின் துரொண்ஹைம் நகரில் விஸ்லொஃப் என்பவரின் குழு எதிர்ப்பக்கம் இழுத்தது. இருதயம் பலவீனமான 27 பேர், சராசரி வயது 75. ஒரு பகுதியினர் ஏற்றத்தில் நாலு நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி நடந்து, மூன்று நிமிடம் தளர்த்தி, அப்படி நாலு தடவை செய்தார்கள். மற்றப் பகுதியினர் ஒரே சீராக மிதமாக நடந்தார்கள். கடுமையாக நடந்தவர்களின் ஒட்சிசன் கொள்ளளவு 46 வீதம் கூடியது, மற்றவர்களுக்கு 14 வீதம். கை நாடியின் விரிவும் முதல் பகுதியினருக்கே கூடத் திருந்தியது. எழுபத்தைந்து வயது இருதய நோயாளியை அப்படி மூச்சு வாங்க வைப்பதா என்று திகைத்தவர்கள் பலர். ஜிம்மில் அந்தத் தம்பிக்குச் சொன்ன கதையின் வேர் இந்த ஆய்வும் இது போன்ற சிறிய ஆய்வுகளும்தான்.

சிறிய ஆய்வுகள் என்பதைக் கவனியுங்கள். பெரிதாகச் செய்தபோது வித்தியாசம் கரைந்தது. பெல்ஜியத்தில் 200 இருதய நோயாளிகளில் செய்து 2015இல் வெளியான ஆய்வில் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன, இரத்தக் குழாய்க்கும் அப்படியே. விஸ்லொஃபின் கூட்டாளிகளே பல ஐரோப்பிய நிலையங்களில் 261 பேரைச் சேர்த்துச் செய்து 2017இல் வெளியிட்டதிலும் கடும் பயிற்சி மேலானது என்று வரவில்லை. அதற்குள் ஒரு வேடிக்கை உண்டு. கடுமையாகச் செய்யச் சொன்னவர்களில் பாதிப்பேர் சொன்ன அளவுக்குக் குறையவே செய்தார்கள். மிதமாகச் செய்யச் சொன்னவர்களில் 80 வீதமானோர் சொன்னதைவிடக் கூடச் செய்தார்கள். மனிசர் எந்த நாட்டிலும் மனிசர்தான். இரண்டு பகுதியும் நடுவில் வந்து சந்தித்துக்கொண்டன.

2020இல் துரொண்ஹைமிலேயே 70 முதல் 77 வயது வரையான 1,567 பேரை ஐந்து வருடம் பார்த்த ஆய்வு வெளியானது. கடும் பயிற்சிப் பகுதியில் இறந்தவர்கள் 3 வீதம், மிதப் பயிற்சிப் பகுதியில் 5.9, வழமையான ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் 4.7. கணக்கியல் முறைப்படி பார்த்தால், பயிற்சி கொடுத்தவர்களுக்கும் ஆலோசனை மட்டும் கேட்டவர்களுக்கும் இடையில் உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இந்தச் சரித்திரத்தை வாசித்து எனக்கு விளங்கியது, மெல்ல உலாவுவது குழாய்க்குப் போதாது, மூச்சு வாங்க வேண்டும். ஆனால் உயிர் போகிற மாதிரி ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாரத்தில் பல நாள், வருடக்கணக்காகச் செய்தாரா என்பதுதான் கூடப் பெறுமதி. பயிற்சியை நிறுத்திச் சில வாரங்களில் உட்படலம் பழைய நிலைக்குப் போய்விடும். சேமித்து வைக்க முடியாது.

அந்த ஓடி வந்து விழுந்தவனுக்குத் திரும்ப வருவோம். அவன் கதை என்றாலும், அப்படி விழுபவர்கள் உண்மையிலேயே உண்டு. 1993இல் அமெரிக்காவில் மிற்றில்மன் குழுவினர் மாரடைப்பு வந்த 1,228 பேரை, அது வருவதற்கு முன்னைய ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்தார்கள். கடுமையாக உடம்பை வருத்திய உடனே வரும் ஆபத்து, வாரத்தில் ஐந்து நாளுக்கு மேல் பயிற்சி செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு 2.4 மடங்கு மட்டுமே கூடியது. பயிற்சியே இல்லாதவர் ஒருநாள் திடீரென்று வருத்தினால் 107 மடங்கு. ஒரு மணித்தியாலத்துக்கான சாதாரண ஆபத்து மிகச் சிறியது, அதன் 107 மடங்கும் பயந்து நடுங்கும் அளவல்ல. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள். கடுமை ஆளைக் கொல்வதில்லை. பழக்கமில்லாத உடம்பில் திடீரென்று வரும் கடுமைதான் ஆபத்து. கடும் பயிற்சி முடிந்த உடனே உட்படலத்தின் வேலை சிறிது நேரம் குறைந்து பிறகுதான் ஏறுகிறது என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பழகிய உடம்பில் அந்தத் தாழ்வு குறைவு.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தென்னாசியருக்கு மற்றவர்களைவிடச் சீனியும் மாரடைப்பும் வேளைக்கு வருகின்றன என்பது இங்கிலாந்தில் 1980கள் முதலே தெரிந்த விசயம். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, வெள்ளையர் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி செய்து பெறும் பலனை அடைய, தென்னாசிய ஆண்களுக்கு அதைவிட நூறு நிமிடத்துக்கு மேல் கூடத் தேவைப்படலாம். இது ஒரு மதிப்பீடுதான். ஆனால் ஐம்பது வயதுக்குள் எங்கள் சமூகத்தில் எத்தனை மரண அறிவித்தல் வாசித்துவிட்டோம் என்று வானொலியில் இருக்கும் எனக்குத் தெரியும். அதனால் இந்த மதிப்பீட்டை நான் அலட்சியமாக எடுக்கவில்லை.

எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும் என்று கேட்ட அக்காவுக்கு, கருவி ஒன்றும் தேவையில்லாத அளவுகோல் ஒன்று இருக்கிறது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாமல் இருக்க வேண்டும். பாட முடிந்தால் அது உலாத்தல். கதைக்கவே முடியாவிட்டால் அது கடுமை, பழகாதவருக்கு அது இன்னும் வேண்டாம். ஃப்ரிபூர்க் இதற்கென்றே கட்டிய ஊர் போல இருக்கிறது. நதியோரத்துக் கீழ் நகரத்தில் இருந்து மேலே ஏற, 1899இல் தொடங்கி நகரத்தின் கழிவு நீரின் பாரத்தில் ஓடும் அந்தச் சின்ன இழுவை றெயில் இருக்கிறது. பக்கத்திலேயே படிகளும் இருக்கின்றன. ஏற்றம் 56 மீற்றர். இறங்கும்போது றெயிலில் வாருங்கள், ஏறும்போது படியில் ஏறுங்கள். முதல் மாதம் நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு எடுத்தால் வெட்கமில்லை. அதுதான் நோர்வேக்காரரின் இடைவெளிப் பயிற்சி. குசினி அண்ணை வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பஸ் தரிப்புக்கு முன்பே இறங்கி வேகமாக நடந்தால், அந்தப் பத்து நிமிடம் அவருடைய பத்து மணித்தியாலம் தராததைத் தரும்.

நெஞ்சில் இறுக்கம், நடக்கும்போது கையோ தாடையோ நோவது, சீனி, பிரஷர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் தொடங்குவதற்கு முன் குடும்ப வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கள். இங்கே தவறணை மேசையில் வைத்தியம் சொல்பவர்கள் கூடிவிட்டார்கள்.

கடைசியாக, பின்னர் வந்த ஒரு கடிதத்தில் பனி வழிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். விடியப்புறக் குளிரில், வெறும் வயிற்றோடு, பழகாத கையால், மூச்சை அடக்கிக்கொண்டு ஈரப் பனியை அள்ளுவது மிற்றில்மனின் அந்த 107 மடங்குப் பக்கத்தில்தான் சேரும். குளிருக்கு இரத்தக் குழாய்கள் வேறு சுருங்கியிருக்கும். வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே போங்கள். சிறிய சவளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள், தூக்கி எறியாதீர்கள். வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை எழுப்புங்கள்.